முப்பத்து மூன்று வயது ஃபார்வர்டு

பதிமூன்று வருஷம் ஒரே கால்பந்து டீமில் இருந்தேன். அந்தப் பதிமூன்று வருஷமும் அவர்கள் என்னை வைத்திருந்தது என் ஆட்டத்துக்காக இல்லை, என் தண்ணீருக்காக. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது, நிறையவே இருந்தது.

என் தொழில் தண்ணி கேன் போடுவது. அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு அவர் என்னென்னவோ வேலை பார்த்தார், நான் கடன் வாங்கிக் குட்டியானை லோடு வண்டி ஒன்று எடுத்தேன். காலை ஐந்தரைக்கு இருபது லிட்டர் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் உழவர்கரைப் பக்கத்துக் காலனிகளை முடிக்க மதியம் ஆகிவிடும். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம் என்றால் தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன். போன் எடுத்து ஆர்டர் வாங்குவது, யார் வீட்டில் காலி கேன் பாக்கி என்று ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் என் மனைவி. ஆட்டம் இருக்கும் நாளில் டீமுக்கு இரண்டு கேன் இலவசம். மைதானத்துக்கு நான் வந்தேனா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேன் வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள்.

டீமில் எனக்குக் கொடுத்திருந்த இடம் ஸ்டாப்பர் பேக். அதாவது கோலுக்கு முன்னால் நின்று எதிராளியின் ஃபார்வர்டைத் தடுக்கிற ஆள். பெயருக்குத்தான் அந்த இடம். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாருக்காவது காலில் அடிபட்டால் கடைசிக் கால் மணி நேரம் இறக்குவார்கள். இறங்கியதும் நான் ஏதாவது ஒரு தப்பு செய்வேன். பந்து ஒருமுறை குத்தி எழும்பட்டும் என்று காத்திருப்பேன், அது வழுக்கிக்கொண்டு போய்விடும். கீப்பர் பிடிப்பான் என்று விட்டுவிடுவேன், அவன் நான் அடிப்பேன் என்று நின்றுகொண்டிருப்பான். எதிராளி விதியை மீறி முன்னாலேயே போய் நிற்கிறான், ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், ரெஃப்ரி ஊதவே மாட்டார். பேக் ஆடுகிறவன் செய்யக்கூடிய தப்புகளில் நான் செய்யாதது ஒன்றுமில்லை. திட்டும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. பாண்டிச்சேரி என்று மார்பில் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் விசில் அடிக்கும்போது மைதானத்துக்கு உள்ளே நிற்க வேண்டும். பெஞ்சில் இல்லை, உள்ளே. பத்தொன்பது வயதில் மாநில டீமுக்கான செலக்‌ஷனுக்குப் போனேன். காலை பதினோரு மணிக்கே, "தம்பி, நீ கெளம்பலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை, ஆசை மட்டும் போகவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கார்த்திகை மாதம் பிறந்தது, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் டீமின் ஃபார்வர்டு ஒரு செல்போன் கடைப் பையன், வயது இருபத்து மூன்று. டீமின் கோலெல்லாம் அவன் காலிலிருந்துதான். லீகில் எங்கள் முதல் ஆட்டம் கார்த்திகை இரண்டாம் தேதி. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவன் மைதானத்துக்கு வந்தான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். தோளில் ஆட்டக்காரனின் பை வேறு.

அவன் முதல் நாள்தான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவர் செருப்புப் போடக்கூடாது என்பது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் பூட்ஸும் அந்தக் கணக்கில் வரும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூட்ஸை வெளியே எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சாமி, போடுங்க சாமி, டைமாச்சு" என்றான் கேப்டன். மாலை போட்டுவிட்டால் நேற்று வரை "டேய்" என்று கூப்பிட்ட பையனும் "சாமி"தான், "நீங்க"தான்.

"எப்படி சாமி போடறது? கால்ல தோல் படக்கூடாதே."

"இது தோலே இல்ல சாமி, சிந்தெடிக். பாருங்க, நல்லா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தான். சந்தேகம் தீரவில்லை. குருசாமிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பக்கம் குருசாமி ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிந்தெடிக்கோ கிந்தெடிக்கோ, கால்ல மாட்டுனா அது செருப்புதான் சாமி. வெறுங்கால்ல ஆடுங்க, யாரு வேணாம்னா?" என்று வைத்துவிட்டார். வெறுங்காலோடு உள்ளே விட ரெஃப்ரி ஒப்புக்கொள்ளவில்லை. கேப்டன் கெஞ்சினான், சண்டை போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றும் வரை, அதாவது தை மாதம் வரை, எங்களுக்கு ஃபார்வர்டு கிடையாது.

பெஞ்சில் அன்று இருந்த ஒரே ஆள் நான். கேப்டன் என்னைப் பார்த்தான், அவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவன், மின்துறையில் வேலை.

"அண்ணே, நீங்க முன்னாடி நில்லுங்க."

"நான் பேக்குடா!"

"தெரியும்ணே. உங்கள பின்னாடி நிறுத்துனா கோல் வாங்குவோம். முன்னாடி நின்னா நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஆனால் அன்று கோபப்பட நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள்.

மைதானம் முழுக்கச் சேறு. முதல் பாதியில் பந்து என் பக்கமே வரவில்லை. நான் எதிர் டீமின் ஸ்டாப்பர் பக்கத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லையே. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நிற்பது, திரும்புவது, தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பது எல்லாம் நான்தான். இரண்டாவது பாதியில் எங்கள் கீப்பர் ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து உயரத்திலிருந்து இறங்கியது. ஸ்டாப்பர் இரண்டு அடி பின்வாங்கி, குத்தி எழும்பட்டும் என்று நின்றான். டேய், இந்தச் சேற்றில் எங்கேடா எழும்பும் என்று என் மனசு சொல்லும்போதே கால் ஓடிவிட்டது. பந்து சொத்தென்று விழுந்து அப்படியே நின்றது. நான் வழுக்கிக்கொண்டே போய்க் கால் கட்டைவிரலால் ஒரு குத்து விட்டேன். கீப்பரின் கைக்குக் கீழே புகுந்து வலைக்குள் போய்விட்டது.

கோல் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை அடித்ததில்லையே! சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்த சாமி மட்டும் "சாமியே!" என்று கத்தியது கேட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் பாதிப் பேர் "சரணம் ஐயப்பா!" என்று பதில் கொடுத்தார்கள்.

அன்று ஒன்றுக்கு ஒன்று டிரா. அடுத்த ஆட்டத்தில் முழங்காலில் பட்டு ஒரு கோல். அதற்கடுத்த ஆட்டத்தில் இரண்டு. ஒன்று தலையில் பட்டது, இன்னொன்று எங்கே பட்டது என்று இன்றுவரை எனக்கே தெரியாது, வயிறு என்று சொல்கிறார்கள். எதிலும் அழகு கிடையாது. ஆனால் பேக் எப்போது என்ன தப்பு செய்வான் என்று எனக்கு அத்துப்படி. பந்தைப் பார்க்கிற பேக் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்ப்பதில்லை. நான் அந்த முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். மாடிப்படி ஏறி ஏறி என் தோளும் தொடையும் கல்லாக இருந்தன, இடித்தால் சின்னப் பையன்கள் நகர்ந்துதான் ஆக வேண்டும்.

சாமி ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் வந்து ஓரத்தில் நின்றான். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் போனை நீட்டினான். "சாமி, இந்த இத்தாலிக்காரனப் பாருங்க. முப்பது வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாத டீம்லயே கெடந்தானாம். அதுக்கப்புறம் அடிச்சான் பாருங்க அடி, நாட்டுலயே நம்பர் ஒன்." பெயர் சொன்னான், என் வாயில் நுழையவில்லை. போனில் ஒரு நெட்டையன் சேற்றில் விழுந்து எழுந்து கோல் அடித்துக்கொண்டிருந்தான். முட்டியில் ஒன்று, தோளில் ஒன்று, விழுந்துகொண்டே ஒன்று. அடித்துவிட்டு ஏதோ உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி கையை விரித்துக்கொண்டு ஓடினான். எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இத்தாலிக்காரன் கதையைச் சொன்னேன். "அவன் கேன் போட்டானா?" என்று கேட்டாள். போடவில்லை என்றேன். "அப்ப நீங்கதான் பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள், யாரோ கேன் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்தது. சாமி மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினான். மாலையைக் கழற்றிய பிறகும் என் வாயில் அவன் சாமிதான், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. லீக் இறுதிக்கு டீம் வந்திருந்தது, என் கோல்களால் வந்திருந்தது. இறுதி ஆட்டத்தன்று குட்டியானையிலிருந்து கேனை இறக்கி ஓரத்தில் வைத்துவிட்டு நான் வரும்போதே கேப்டன் எதிரில் வந்தான்.

"அண்ணே, உங்களாலதான் இவ்ளோ தூரம் வந்தோம். இல்லன்னு சொல்லல. ஆனா இன்னைக்கு அவன் ஆடட்டும். நீங்க பெஞ்சுல இருங்க." ஒரு நொடி நிறுத்தி, "கேன் வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டான்.

அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் இல்லாமல் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இறக்கி வைத்த இரண்டு கேனையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் கேனைப் பார்த்ததும் மனைவி என்ன ஏது என்று விசாரித்தாள், சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"பதினோரு பேரு வெயில்ல ஆடப் போறாங்க. தாகத்துக்கு வச்ச தண்ணியத் திருப்பித் தூக்கினு வந்தீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "போய் வச்சுட்டு வாங்க. வச்சுட்டு, இனிமே வரமாட்டேன்னு நெஞ்ச நிமித்தி சொல்லிட்டு வாங்க."

திரும்பிப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கேனை வைத்தேன். "இதுதான் கடைசி கேன்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன். பெஞ்சில் ஒருவரும் இல்லாததால் யாருக்கும் கேட்டிருக்காது. அன்று டீம் தோற்றது. நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஓட்டலுக்குக் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். மீன் கூடையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னையே பார்த்தார். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குருசுக்குப்பத்துக்காரர், சொந்தப் படகு, அங்கே இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஒரு டீமுக்குக் கேப்டன்.

"சேத்துல கோல் அடிச்சது நீங்கதான? நாங்க பாத்தோம். எங்ககிட்ட ஃபார்வர்டு ஆள் இல்ல. வர்றீங்களா?"

நான் தோளிலிருந்த கேனைக் காட்டினேன். "ஆட்டத்துக்கு எத்தன கேன் வேணும்?"

அவருக்குப் புரியவில்லை. "கேன் எதுக்கு? தண்ணிய நாங்க பாத்துக்கறோம். நீங்க வெறுங்கையோட வாங்க."

கேனைக் கீழே வைத்துவிட்டேன். பதிமூன்று வருஷத்தில் என்னை வெறுங்கையோடு வரச்சொன்ன முதல் ஆள் அவர். சரி என்று தலையை ஆட்டினேன்.

குருசுக்குப்பம் டீமைப் போல ஒரு டீமை நான் பார்த்ததில்லை. கடலில் மீன் பாடு நன்றாக இருந்தால் பாதிப் பேர் ஆட்டத்துக்கு வரமாட்டார்கள். கடல் கொந்தளித்துப் படகு போகக்கூடாது என்று அறிவிப்பு வந்தால் பதினாறு பேர் வந்து நிற்பார்கள், யாரை இறக்குவது என்று அடிதடி. எதிர் டீம்காரர்கள் எங்களோடு ஆட்டம் என்றால் காலையில் வானிலை அறிக்கையைக் கேட்பார்கள் என்று சொல்லிச் சிரிப்போம். எட்டுப் பேராக ஆடிய நாளும் உண்டு. ஆனால் எந்த நாளிலும் முன்னால் நிற்கிறவன் நான், விசிலிலிருந்து விசில் வரை. முதல் வருஷமே முதல் டிவிஷனுக்கு ஏறினோம். அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். என்னைத் தூக்கிய நான்கு பேர் மேலும் மீன் வாடை, எனக்கு அதுவே கமகமவென்று மணந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் அது.

அடுத்த வருஷம் பழைய டீமோடு ஆட்டம். நான் இரண்டு அடித்தேன், அவர்கள் பக்கம் சாமி ஒன்று அடித்தான். ஆட்டம் முடிந்ததும் பழைய கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு போனான். சாமி மட்டும் நேரே வந்து கட்டிக்கொண்டான். "இத்தாலிக்காரரே!" என்றான். பிறகு மெதுவாக, "அண்ணே, வர்ற வாரம் ஸ்டேட் செலக்‌ஷன். நான் போறேன். நீங்களும் வாங்க."

"போடா டேய். எனக்கு முப்பத்தாறு ஆவுது."

"இந்த வயசுக்குக் கீழ கூடாதுன்னுதான்ணே எழுதியிருக்கான், இதுக்கு மேல கூடாதுன்னு ஒண்ணும் எழுதல. நல்லா படிச்சுப் பாத்துட்டேன்."

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "அன்னிக்கு லோடு என் தம்பிய வச்சு நான் பாத்துக்கறேன். போய்ட்டு வாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பழையபடி பதினோரு மணிக்கே அனுப்பிட்டாங்கன்னா வந்து மிச்ச கேனப் போட்டுடுங்க" என்றாள். இதுதான் அவள்.

உப்பளம் ஸ்டேடியத்தில் செலக்‌ஷன். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன விட வந்தீங்களா? பெத்தவங்கல்லாம் கேலரில உக்காரணும்" என்றார். பூட்ஸைத் தூக்கிக் காட்டினேன். "பையனோடதா?" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "என்னோடது சார். பேர எழுதுங்க, இல்லன்னா பேனாவ இங்க குடுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பதினேழு வயதுகூட இருக்காது. அவர் எழுதிக்கொண்டார்.

பதினோரு மணி ஆனபோது ஸ்டேடியம் கடிகாரத்தைப் பார்த்தேன். யாரும் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை. என்னை ஆடவும் சொல்லவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பி டீமில் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். என்னைத் தடுக்க நின்ற ஸ்டாப்பர் ஒரு காலேஜ் பையன், மான் மாதிரி ஓடினான். ஓட்டத்தில் அவனோடு போட்டி போட்டால் நான் ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் ஓடவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். பதினைந்தாவது நிமிஷம் ஒரு நீளப் பந்து வந்தது. பையன் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்தான். அப்பா, எத்தனை தடவை நான் தூக்கிய கை அது! விசில் வராது என்று எனக்குத் தெரியும். அவன் கையை இறக்குவதற்குள் பந்து என் தொடையில் பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே போய்விட்டது.

செலக்‌ஷன் செய்கிறவர்கள் மூன்று பேர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "இதெல்லாம் ஒரு கோலாய்யா?" என்று ஒருவர் சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. நடுவில் இருந்தவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வலைக்குள்ள போச்சா இல்லியா?" என்றார். அவர்தான் டீமின் கோச்.

மூன்றாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து படித்தேன். சாமி பெயர் நான்காவது. பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது, எனக்குக் கண் மங்கியது. சாமிதான் என் தோளைப் பிடித்துக் குலுக்கி விரலை வைத்துக் காட்டினான். இருபது பேரில் இருபதாவது நான். அங்கேயே நின்று கத்தினேன். ஸ்டேடியம் வாட்ச்மேன் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பத்தொன்பது வயதில் வந்து போன மைதானத்தில் முப்பத்தாறு வயதில் கத்துகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் எங்கள் குரூப் ஆட்டங்கள் பாண்டிச்சேரியிலேயே நடந்தன. சட்டை கொடுத்தார்கள், மார்பில் பாண்டிச்சேரி என்று எழுதியிருந்தது. ஆனால் முதல் ஆட்டம் முழுக்கப் பெஞ்ச். பழக்கப்பட்ட இடம்தான், இருந்தாலும் பலகை குத்தியது. சட்டை கிடைத்துவிட்டது, இனிமேல் உள்ளே நிற்பது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மனைவி வந்திருந்தாள். என் ஆட்டத்தைப் பார்க்க அவள் வந்தது அதுதான் முதல் தடவை. குருசுக்குப்பத்திலிருந்து ஒரு லாரி ஆட்கள் வந்திருந்தார்கள், அன்று கடலுக்கு யாரும் போகவில்லை, கடல் அமைதியாக இருந்தும் போகவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்தது ஆட்டம். கடைசிப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது சாமிக்குத் தொடை பிடித்துக்கொண்டது, நொண்டினான். கோச் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் கோட்டருகில் போய் நின்றேன். சாமி நொண்டிக்கொண்டே வெளியே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, அந்த ஸ்டாப்பரு ஒவ்வொரு தடவையும் கீப்பருக்குன்னு விட்டுடுறான். திரும்பியே பாக்கறதில்ல. ஒரு மணி நேரமா பாக்கறேன், என்னால அங்க போக முடியல" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. அவன் கண் கலங்கியிருந்தது. பார்த்ததை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

உள்ளே போனேன். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு உயரப் பந்து. ஸ்டாப்பர் அண்ணாந்து பார்த்தான். இரண்டு கையையும் விரித்து, "கீப்பர்!" என்று கத்திவிட்டு ஒதுங்கினான். கீப்பர் வரவில்லை. அவன் ஸ்டாப்பரை நம்பி நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது, அந்த ஆள் நான். குதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தலையைக் கொடுத்தேன், பந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, உருண்டு கோட்டைத் தாண்டியது.

நான் ஓடினேன். கையை விரித்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஓடினேன். குருசுக்குப்பத்துக்காரர்கள் கம்பியைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் விரட்டினார்கள். நொண்டுகிற தொடையோடு சாமி எல்லோருக்கும் முன்னால் வந்து என் மேல் விழுந்தான். மூக்கும் கண்ணுமாக அழுதேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஜெயித்தோம். உடை மாற்றும் அறையில் மேனேஜர் ஒரு பெரிய கூடையோடு வந்தார். "சட்டையெல்லாம் கழட்டிப் போடுங்க, துவைக்கக் குடுக்கணும்."

நான் கழற்றவில்லை.

"யோவ், நாளன்னிக்கி மேட்ச் இருக்கு."

"நானே துவைச்சு எடுத்தாறேன் சார். இன்னைக்கு மட்டும் கேக்காதீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மேனேஜர் கோச்சைப் பார்த்தார். கோச் விட்டுவிடுங்கள் என்று கையைக் காட்டினார். கதவு வரை என்னோடு வந்து, நோட்டைப் புரட்டியபடியே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அதைத் திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு நேர் வழி இருக்கிறது. நான் குட்டியானையைப் பெரிய மார்க்கெட் வழியாகச் சுற்றி ஓட்டினேன். ஏன் என்று கேட்டால் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். சாயங்கால நெரிசலில் வண்டி ஊர்ந்தது, எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. ஜன்னல் வழியாக நெஞ்சை வெளியே காட்டிக்கொண்டு ஓட்டினேன். பூக்கடை அம்மா ஒருத்தி, "கேன்காரரே, என்னா சட்டை அது?" என்று கேட்டாள். "படிச்சுப் பாரு!" என்றேன். பக்கத்தில் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது.

வீட்டில் வாளியில் சோப்புத்தூள் போட்டுச் சட்டையை நானே ஊறவைத்தேன். அவள் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"நாளன்னிக்கி எத்தன மணிக்கு?"

"மூணரைக்கு."

"எப்ப எறக்குவாங்க? இன்னிக்கி மாதிரி கடைசிலதானா?"

வாளியையே பார்த்துக்கொண்டு சொன்னேன். கதவருகில் கோச் சொன்னதைச் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஆர்டர் நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். முதல் நம்பரைப் போட்டாள்.

"அக்கா, தண்ணி கேன்லருந்து பேசறேன். நாளன்னிக்கி கேன் வராது, நாளைக்கே சேத்து எடுத்து வச்சுக்குங்க. இல்லக்கா, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒடம்புக்கும் ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரு பாண்டிச்சேரிக்கு ஆடறாரு. ஆமாக்கா. மொத விசில்லருந்தே."